வாட்ச் பெட்டிக்கு ஒரு த்ரெட் மாடல்



இந்த வார எபிசோடில் ஸ்மார்ட் லாக் பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். கெல்லிவில், தி பாண்ட்ஸ், ரௌஸ் ஹில் பக்கத்து நேயர்களிடமிருந்து ஒரே கேள்வி வேற வேற ரூபத்தில் வந்துகொண்டே இருக்கு: "வாட்ச் கொஞ்சம் சேர்ந்துபோச்சு. வீட்டுல வைக்க எந்த சேஃப் வாங்கலாம்?"

கலெக்ஷன் என்றால் பெரிய மில்லியனர் கதை எல்லாம் இல்லை. ப்ரமோஷன் வந்தப்போ வாங்கிய ஒமேகா, நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு டியூடர், ஜப்பான் ட்ரிப்பில் ஒரு கிராண்ட் சீக்கோ. கூடவே கல்யாணத்துக்கு வந்த டைட்டன், அப்பா கட்டிய எச்எம்டி ஜனதா. யாழ்ப்பாணத்து வீடு என்றால் எச்எம்டி இருக்கிற இடத்தில் ஒரு பழைய சீக்கோ 5 இருக்கும். மொத்த விலையைக் கூட்டிப் பார்த்தால் வாசலில் நிற்கிற இரண்டாவது காரைத் தாண்டும். இருக்கிற இடமோ சாக்ஸ் டிராயர்.

தங்கத்தை எப்படி வைப்பது என்று நம்ம ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி பேங்க் லாக்கர், பாதி பீரோவுக்குள் இருக்கிற குட்டி லாக்கர், சாவி அம்மா இடுப்பில். வாட்ச்சுக்கு இந்த ஃபார்முலா பாதிதான் பொருந்தும். தங்கம் ஈரத்தில் கெடாது, காந்தம் பட்டால் ஒன்றும் ஆகாது, உருக்கிவிட்டால் யாருடையது என்று சொல்லவும் முடியாது. வாட்ச் இந்த மூன்றிலும் நேர் எதிர். அதனால் எந்த சேஃப் என்ற கேள்விக்கு முன்னாடி, செக்யூரிட்டி வேலை பார்க்கிறவங்க முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்போம். எதை, யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்? இதைத்தான் அவங்க த்ரெட் மாடல் என்கிறார்கள்.

முதலில் ஆட்கள். 2021 டிசம்பரில் அசாம் போலீஸ் சிவசாகரில் ஒருவரைக் கைது செய்து ஒரு ஹூப்ளோ வாட்ச்சை மீட்டார்கள். கால்பந்து வீரர் மரடோனாவின் கையெழுத்து பொறித்த லிமிடெட் எடிஷன் அது. துபாயில் மரடோனாவின் பொருள்களைப் பாதுகாத்து வைத்திருந்த நிறுவனத்திலிருந்து காணாமல் போனது. பிடிபட்டவர் அதே நிறுவனத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்தவர் என்றது போலீஸ். பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும், பொருள் எங்கே இருக்கு என்று தெரிந்தவர்களின் எண்ணிக்கைதான் முதல் கணக்கு.

அந்தக் கணக்கை உங்க வீட்டுக்குப் போட்டுப் பாருங்க. குடும்பம், சரி. இன்ஸ்டாகிராமில் கைமணிக்கட்டு போட்டோ பார்த்தவர்கள் எத்தனை பேர்? வாட்ச் விற்பனைக்குப் போட்ட விளம்பரத்தில் பின்னால் தெரிவது யார் வீட்டு ஜன்னல்? புது வாட்ச் வந்த அட்டைப்பெட்டி தெருவோரம் மஞ்சள் மூடித் தொட்டியில் பிராண்ட் பெயர் வெளியே தெரிகிற மாதிரி கிடக்கிறதா? இதெல்லாம் சைபர் செக்யூரிட்டியே கிடையாது, வெறும் பொது அறிவு. ஆனால் வீட்டு ரௌட்டருக்கு இருபது எழுத்து பாஸ்வேர்டு போடுகிற அதே ஆள்தான், "ஃபைனலி ஹியர்!" என்று பெட்டியோடு போட்டோவும் போடுகிறார்.

நம்ம சமூகத்துக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கு. நம்ம காலண்டர் எல்லாருக்கும் தெரியும். வைகாசிக் குன்றில் முருகனுக்குத் தேர் அன்றைக்கு யார் வீடு காலி, டிசம்பர் ஸ்கூல் லீவில் யார் சென்னையில், யார் கொழும்பில், மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன் எத்தனை மணி வரைக்கும், எல்லாமே முந்நூறு பேர் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் இருக்கும். குரூப்பில் திருடன் இருக்கிறான் என்று சொல்லவில்லை. அந்த மெசேஜ் எங்கெல்லாம் ஃபார்வர்ட் ஆகிறது என்பதற்கு உங்க கையில் கண்ட்ரோல் இல்லை, அவ்வளவுதான். ஏர்போர்ட் செல்ஃபியைத் திரும்பி வந்த பிறகு போட்டால் லைக் குறையாது.

இப்போ சேஃபுக்கு வருவோம். சொல்ல நிறைய இருக்கு.

கெல்லிவில் வீடுகள் பெரும்பாலும் இரண்டு மாடி. மாஸ்டர் பெட்ரூம் மேலே. அதன் வாக்-இன் ரோபில்தான் நம்ம ஆட்கள் சேஃபை வைக்க நினைப்பார்கள். திருடனும் முதலில் போகிற இடம் அதே பெட்ரூம்தான். அதைவிட முக்கியம், மேல்மாடித் தரை பெரும்பாலும் மர ஜாயிஸ்ட் மேலே பார்ட்டிக்கிள் போர்டு. அதில் நாலு போல்ட் போட்டு இறுக்கிய சேஃபை ஒரு நெம்புகோல் கொஞ்ச நேரத்தில் பிடுங்கிவிடும். ஐம்பது அறுபது கிலோ சேஃபை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். திறப்பதை அவர்கள் வேறு எங்கேயோ, நிதானமாக வைத்துக்கொள்வார்கள்.

ஆகவே கீழ்த்தளம், கான்கிரீட் ஸ்லாப் மேலே. இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கு. மேற்கு சிட்னியின் புது வீடுகளில் பெரும்பாலானவை வாஃபிள் பாட் ஸ்லாப். தெர்மோகோல் பெட்டிகளை வரிசையாக அடுக்கி அதன் மேல் கான்கிரீட் ஊற்றுவார்கள். பெட்டிகளுக்கு மேலே இருக்கிற கான்கிரீட்டின் கனம் பொதுவாக 85 மில்லிமீட்டர்தான். நீள போல்ட்டை நம்பி ஆழமாகத் துளை போட்டால் கான்கிரீட் முடிந்து தெர்மோகோலுக்குள் போய்விடும், போல்ட்டுக்குப் பிடிமானமே இருக்காது. வீட்டுப் பிளானில் ஸ்லாப் டிராயிங் இருக்கும். சேஃப் போட வருகிறவரிடம் அதைக் காட்டி, அதற்கேற்ற ஆங்கர் போடச் சொல்லுங்க. வாடகை வீடு என்றால் துளை போடுவதற்கு முன் ஓனரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்க.

கராஜில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். 2020 ஜனவரி 4-ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளில் மேற்கு பார்த்த கராஜ் கதவுக்குப் பின்னால் இருக்கிற இரும்புப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வாட்ச்சுக்குள் இருக்கிற எண்ணெயும் ரப்பர் கேஸ்கெட்டும் அதுக்காகச் செய்தவை இல்லை. தவிர, கராஜ் கதவு திறந்திருக்கும்போது தெருவில் போகிறவர் எல்லாருக்கும் சேஃப் தெரியும்.

வாங்கும்போது கடைக்காரர் "ஃபயர் ரேட்டட் சார்" என்பார். நல்லதுதான், ஆனால் எதுக்கு ரேட் பண்ணியிருக்கு என்று கேளுங்க. காகிதத்துக்கான வழக்கமான ரேட்டிங் என்றால், வெளியே தீ எரியும்போது உள்ளே 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று பொருள். காகிதம் அதில் தப்பிக்கும், வாட்ச்சின் எண்ணெய் தப்பிக்காது. இன்னொரு பக்கவிளைவும் உண்டு. தீயைத் தாங்க அந்தச் சுவருக்குள் நிரப்பியிருக்கிற பொருளில் ஈரம் இருக்கும். அதுதான் தீயில் நீராவியாகி உள்ளே குளிர வைக்கிறது. தீ இல்லாத சாதாரண நாட்களிலும் அந்த ஈரம் மெதுவாக உள்ளே கசியும். பாஸ்போர்ட்டுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் ஃபயர் சேஃப், வாட்ச்சுக்குத் திருட்டுத் தர சேஃப் என்று இரண்டாகப் பிரிப்பது என் சாய்ஸ். திருட்டுக்கு இங்கே ஏஎஸ்/என்இசட்எஸ் 3809 என்ற தரம் இருக்கு, ஐரோப்பாவில் இஎன் 1143-1. இந்த எண்களில் ஒன்றுகூட இல்லாமல் "ஹெவி டியூட்டி" என்று மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி, பூட்டுப் போட்ட தகர டப்பா.

பூட்டு விஷயத்தில்தான் நம்ம டெக் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 2023-ல் அமெரிக்காவில் ஒரு வழக்கில், எஃப்பிஐ சர்ச் வாரண்டோடு கேட்டதும் லிபர்ட்டி சேஃப் நிறுவனம் ஒரு கஸ்டமரின் சேஃபைத் திறக்கும் கோடைக் கொடுத்தது. நம்பர் வைத்தது நான்தானே, கம்பெனியிடம் எப்படி இன்னொரு கோட் இருக்கு என்று அங்கே பெரிய கூச்சல். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மார்க் ஓமோ, ஜேம்ஸ் ரௌலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் தோண்டினார்கள். 2025 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் டெஃப் கான் மாநாட்டில், பல பிராண்ட் சேஃப்களில் இருக்கிற செக்யூராம் ப்ரோலாஜிக் எலக்ட்ரானிக் பூட்டுகளை எப்படித் திறக்க முடிகிறது என்று காட்டினார்கள். விலை உயர்ந்த சேஃப், கனமான கதவு, உள்ளே இருந்ததோ ஓட்டைச் சாஃப்ட்வேர்.

இதைக் கேட்டுப் பயந்து சேஃபே வேண்டாம் என்று போகாதீங்க. வீட்டுத் திருடன் டெஃப் கானுக்குப் போகிறவன் இல்லை, கடப்பாரையோடு வருகிறவன். எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, பல எலக்ட்ரானிக் பூட்டுகளில் உங்க கோட் தவிர ஒரு மேனேஜர் கோட் இருக்கும், ஃபேக்டரியில் போட்ட நம்பரோடு. மேனுவலைப் படித்து முதல் நாளே அதையும் மாற்றுங்க. இரண்டு, வைஃபையில் கனெக்ட் ஆகி ஆப்பில் திறக்கிற சேஃப் வேண்டவே வேண்டாம். டெக் பாட்காஸ்ட் நடத்துகிறவன் இதைச் சொல்லக்கூடாதுதான்! நம்பர் டயலைக் கையால் சுற்றுகிற பழைய மெக்கானிக்கல் பூட்டுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் தேவையில்லை. திறக்கக் கொஞ்சம் நேரமாகும். வாட்ச் எடுக்க என்ன அவசரம்?

கேமரா பற்றித் தனி எபிசோடே போட்டிருக்கோம், அதனால் சுருக்கமாக. வைஃபை கேமராவின் சிக்னலைத் தடுத்துவிட முடியும். முடிந்தால் வயர் இழுத்த கேமரா, ரெக்கார்டர் வேறு அறையில். பக்கத்து வீட்டுப் பக்கம் பார்க்கிற கேமராவில் ஆடியோவை அணைத்துவிடுங்க. அடுத்தவரின் தனிப்பட்ட பேச்சைப் பதிவுசெய்வதை நியூ சவுத் வேல்ஸின் 2007-ஆம் ஆண்டு சர்வைலன்ஸ் டிவைசஸ் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வாட்ச் பெட்டிக்குள் ஏர்டேக் போடுவது நல்ல யோசனைதான், ஆனால் தெரியாத ஏர்டேக் கூடவே வருகிறது என்று கொஞ்ச நேரத்தில் திருடனின் போனுக்கும் அலர்ட் போகும். லொகேஷன் கிடைத்தால் போலீஸிடம் கொடுங்க. நீங்களே காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீங்க.

இனி கதவை உடைக்காமலே உள்ளே வருகிற திருடர்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலான கலெக்ஷனுக்கு நிஜச் சேதம் இவர்களால்தான்.

2022 ஞாபகம் இருக்கா? சிட்னியில் பதிவேடு தொடங்கியதிலிருந்து அதிக மழை பெய்த வருஷம். வார்ட்ரோபில் பட்டுப்புடவை, பெல்ட், ஷூ எல்லாத்திலும் பூஞ்சணம். காற்றே போகாத இரும்புப் பெட்டிக்குள் தோல் ஸ்ட்ராப் போட்ட வாட்ச்சை அப்படியே மூடி வைத்தால் அதுக்கும் இதே கதிதான். பழைய எச்எம்டி மாதிரி வாட்டர்ப்ரூஃப் இல்லாத வாட்ச்சில் ஈரம் டயலுக்கே போய் எண்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கறை விழும். அந்த டயலை மாற்ற இன்று ஒரிஜினல் கிடைப்பது கஷ்டம்.

ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ரொம்பக் காயவைத்தால் தோல் வெடிக்கும். திரும்பச் சூடாக்கிப் பயன்படுத்தக்கூடிய சிலிக்கா ஜெல் டப்பா ஒன்றும், சின்ன ஈரமானி ஒன்றும் உள்ளே வைங்க. ப்ளூடூத் ஈரமானி வாங்கி ஏமாறாதீங்க, கனமான இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து சிக்னல் ஒழுங்காக வெளியே வராது. திரையில் எண் காட்டுகிற சாதாரண மாடலே போதும். கழற்றிய வாட்ச்சை வியர்வையோடு உள்ளே போடாமல், துடைத்து ஒரு ராத்திரி வெளியே வைத்துவிட்டு மறுநாள் உள்ளே வைங்க.

அடுத்தவர் காந்தம். சாவி கொடுக்கிற வாட்ச்சாக இருந்தாலும் ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும், உள்ளே தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங் சுருங்கி விரிந்து நேரத்தை அளக்கிறது. அதில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் திடீரென்று வேகமாக ஓடும். ஒரு நாளில் சில நிமிஷம்கூட முந்தும். சாதாரண ஆன்டி-மேக்னெடிக் தரமான ஐஎஸ்ஓ 764 கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது சுமார் 60 காஸ். ஒமேகாவின் மாஸ்டர் க்ரோனோமீட்டர் வாட்ச்கள் 15,000 காஸ் தாங்கும். அப்பாவின் ஜனதா இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. நைட் ஸ்டாண்டில் ஐபேட் கவர், மேக்சேஃப் சார்ஜர், ஹெட்போன், ப்ளூடூத் ஸ்பீக்கர் எல்லாத்திலும் காந்தம் இருக்கு. ஒரு கை தூரம் தள்ளி வைத்தால் போதும், காந்தத்தின் பலம் தூரத்தில் சட்டென்று குறைந்துவிடும். ஏறிவிட்டால் பயப்பட வேண்டாம். வாட்ச் ரிப்பேர்க் கடையில் டீமேக்னடைசரில் சில நொடி வேலை.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்யலாம். போனில் டைம்கிராஃபர் ஆப் போட்டு, அமைதியான அறையில் வாட்ச்சை மைக் பக்கத்தில் வைங்க. ஜனதா மணிக்கு 18,000 அதிர்வு, அதாவது நொடிக்கு ஐந்து டிக். இன்றைய வாட்ச்கள் பல 28,800, நொடிக்கு எட்டு. எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று ஆப் சொல்லிவிடும். பாட்காஸ்ட் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டைனமிக் மைக்குக்குள்ளும் காந்தம் இருக்கு, அதன் மேல் வாட்ச்சைச் சாய்த்து வைக்காதீங்க.

டைட்டன் மாதிரி குவார்ட்ஸ் வாட்ச்சுகளுக்கு எதிரி உள்ளேயே இருக்கிற செல். வருஷக்கணக்காகக் கட்டாமல் விட்டால் தீர்ந்துபோன செல் கசிந்து சர்க்யூட்டை அரித்துவிடும். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது டைட்டன், தொழிற்சாலை நம்ம ஓசூரில். அங்கே செய்த கல்யாண வாட்ச்சை ஞாபகத்துக்காக மட்டும் வைத்திருக்கிறீங்க என்றால் செல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. வைண்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தேதி, மாதம், லீப் வருஷம் எல்லாம் காட்டுகிற பர்பெச்சுவல் காலண்டர் இருந்தால் வாங்குங்க. மற்றபடி அது சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு அலங்காரம்.

கடைசியாகப் பேப்பர். 2022 டிசம்பரில் தமிழ்நாடு முழுக்க ஒரு வாட்ச் பில்தான் பேச்சு. அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்டு ராஸ் ரஃபேல் வாட்ச், உலகத்தில் மொத்தம் 500 மட்டும் செய்தது. பில் எங்கே என்று அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டார், 2023 ஏப்ரலில் அண்ணாமலை பில்லைக் காட்டினார். அரசியல் நமக்கு வேண்டாம். ஆனால் அதே கேள்வியை உங்க இன்ஷூரன்ஸ் ஆளும் கேட்பார்.

இங்கே சாதாரண கன்டென்ட்ஸ் பாலிசியில் நகைக்கும் வாட்ச்சுக்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும். அது ஒரு ஒமேகாவின் விலையைவிடக் குறைவாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதுக்கு மேல் வேண்டுமென்றால் வாட்ச்சின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்கணும். வீட்டுக்கு வெளியே தொலைந்தால் கவர் உண்டா என்பது இன்னொரு தனிக் கேள்வி. பிடிஎஸ் என்கிற அந்த நீளமான ஆவணத்தில் "ஜுவல்லரி", "வாட்சஸ்" என்ற சொற்களைத் தேடிப் படிங்க. பில், வாரண்டி கார்டு, சீரியல் நம்பர் தெரிகிற போட்டோ, அண்மைய மதிப்பீடு, இந்த நாலும் ஒவ்வொரு வாட்ச்சுக்கும் வேண்டும். க்ளெய்மில் தகராறு வந்து நிறுவனத்தோடு பேசியும் தீரவில்லை என்றால் ஏஎஃப்சிஏவில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

அந்த நாலையும் சேஃபுக்குள்ளேயே வைக்காதீங்க, வாட்ச் போனால் அதுவும் கூடவே போகும். கூகுள் டிரைவில் "வாட்ச் கலெக்ஷன் விலை" என்று ஒரு ஷீட் போட்டு ஷேர் லிங்க்கைத் திறந்து வைப்பதும் கூடாது. பாஸ்வேர்டு மேனேஜரில் ஃபைல் இணைக்க இடம் இருக்கும், அங்கே போடுங்க. தொலைந்துவிட்டால் முதலில் போலீஸ் ஈவென்ட் நம்பர். பிறகு அந்த சீரியல் நம்பரை லண்டனில் இருக்கிற தி வாட்ச் ரெஜிஸ்டரிலும், ரிஷ்மோன் நிறுவனம் 2023-ல் தொடங்கிய என்க்வைரஸிலும் பதியலாம். உங்க வாட்ச் வருஷங்கள் கழித்து வேறொரு நாட்டில் விற்பனைக்கு வரும்போது, வாங்குகிறவர் தேடிப் பார்த்தால் மாட்டும். உருக்கிய தங்கத்துக்கு இந்த வசதி கிடையாது.

எச்எம்டி ஜனதாவுக்குப் பில் யாரிடமும் இருக்காது. இன்ஷூரன்ஸ் கொடுக்கிற பணத்தில் அது திரும்பியும் வராது. எச்எம்டி வாட்ச்சஸை மூடுவதற்கு மத்திய அரசு 2016-ல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதனால் சேஃபில் இடம் பத்தவில்லை என்றால் டியூடரை வெளியே வைத்துவிட்டு ஜனதாவை உள்ளே வைங்க என்று சொல்வேன். டியூடரை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்து முடித்த வீடுகளிலும் ஒன்று விட்டுப்போகிறது. சேஃப் நம்பர் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அவருக்கு நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், டிரில் வைத்து உடைக்க ஆள் கூப்பிடும் நிலைமை. பல பாஸ்வேர்டு மேனேஜர்களில் எமர்ஜென்சி ஆக்சஸ் இருக்கு. நீங்கள் நியமித்தவர் கேட்டு, நீங்கள் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். மனைவியையோ கணவரையோ அதில் சேருங்க. லிஸ்டில் ஒவ்வொரு வாட்ச்சுக்கும் பக்கத்தில் விலையோடு, யார் வாங்கினது, எப்போ, யாருக்குப் போகணும் என்றும் எழுதுங்க. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒமேகாவின் விலை கூகுளில் கிடைக்கும். ஜனதா தாத்தா முதல் சம்பளத்தில் வாங்கினது என்று நீங்கதான் எழுதி வைக்கணும்.

அடுத்த எபிசோடில் டைம்கிராஃபர் ஆப்களை ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறோம். உங்க பழைய வாட்ச்சின் சத்தத்தை முப்பது நொடி ரெக்கார்ட் செய்து அனுப்புங்க. வாட்ச்சின் போட்டோ வேண்டாம்!